சட்டன் அணிக்குப் போன மாமா

எங்கள் வீட்டிலிருந்து மாமாவைக் கொண்டுபோனது ஒரு ஹொக்கி விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவர் என் அப்பா.

அப்போது நாங்கள் லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மாமா, அம்மாவின் தம்பி, மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த சின்ன அறையில் எங்களோடு இருந்தார். பேக்கரி ஒன்றுக்கு வான் ஓட்டினார். காலையிலேயே ஷிப்ட் முடிந்துவிடும் என்பதால் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது, குழாய் ஒழுகினால் பார்ப்பது, கடையிலிருந்து அரிசி மூட்டை தூக்கி வருவது எல்லாம் அவர்தான். இவற்றையெல்லாம் செய்யும்படி அவரிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மாமாவும் ஹொக்கி விளையாடினார்கள். லண்டன் தமிழர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட சிறிய லீக் அது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் விளையாடியவர்களும், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும் ஏரியாவுக்கு ஓர் அணியாகச் சேர்ந்திருந்தார்கள். எங்கள் அணிக்கு அப்பா தலைவர், கோல்கீப்பரும் அவரே. கால்காப்புகளும் தலைக்கவசமும் அணிந்து நிற்கும்போது யாரோ பெரிய மனிதர் போலத் தெரிவார். அவருக்கு முன்னால் பின்வரிசையில் மாமா நிற்பார்.

மாமா விளையாடுவதில் பார்க்க ஒன்றுமில்லை. ஓடமாட்டார், விழமாட்டார், சத்தம் போடமாட்டார். பந்து எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே போய் நின்றிருப்பார். எதிரணிக்காரர் மட்டையைச் சுழற்றிக்கொண்டு வேகமாக வருவார். மாமா குனிந்து, ஒருவர் நீட்டிய தட்டை வாங்குவதுபோலப் பந்தை வாங்கி, சும்மா நிற்கும் நம்மவர் ஒருவரிடம் தள்ளிவிடுவார். அதற்கு யாரும் கை தட்டுவதில்லை. கைதட்டல் முழுவதும் முன்னால் நின்று கோல் போடுகிற டொக்டருக்குத்தான்.

அந்த வருடம், லண்டனின் மறுகோடியில் இருக்கிற சட்டனில் புதிதாக ஓர் அணி தொடங்கினார்கள். அனுபவம் இல்லாத பெடியள், பழைய அணிகளிடம் மாட்டினால் நொறுங்கிவிடுவார்கள் என்று அப்பா கவலைப்பட்டார். எங்கள் வீட்டு முன்னறையில் நடந்த கூட்டத்தில் அவரே எழுந்து ஒரு யோசனை சொன்னார். பழைய அணி ஒவ்வொன்றும் எட்டுப் பேரைத் தன்னோடு நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களில் ஒருவரைச் சட்டன்காரர் கேட்கலாம். கேட்கப்பட்டவர் விரும்பாவிட்டால் போகத் தேவையில்லை. எல்லோரும் அது நியாயம் என்றார்கள். அன்றைக்கு முழுவதும் அப்பா நல்ல மனநிலையில் இருந்தார்.

எட்டுப் பேரின் பெயரையும் அவர் தொலைபேசியில் சொல்லி முடித்தபோது அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

“தம்பியைச் சொல்லேல்லையே?”

“அவன் எங்கட ஆள்தானே. வீட்டில இருக்கிறவனை ஆர் கொண்டுபோறது? டொக்டரை விட்டால் அந்தாள் கோவிச்சுக்கொண்டு போயிடும். அதோட, அவங்கள் கோல் போடுறவனைத்தான் கேப்பாங்கள்.”

அவர்கள் மாமாவைக் கேட்டார்கள்.

சட்டன் அணித் தலைவர், அதுவரை வேறோர் அணியில் விளையாடிய மலேசியாக்காரர், அதை முகம் பார்த்துக் கேட்கவேண்டும் என்று வீட்டுக்கே வந்திருந்தார். “எனக்கு கோல் அடிக்கிறவங்க வேணாம் அண்ணே. பின்னால நிக்கிறாரே உங்க மச்சான், அவரைக் குடுங்க. எத்தனை வருஷமா அவரைத் தாண்டிப் போகப் பாக்கிறேன், முடியல,” என்றார். மாமா அங்கே வருவதானால் வேலைக்கும் அறைக்கும் தான் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை எப்படி முடிப்பதென்று தெரியாதவர்போல, தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் மாமாவை ஓர் அணி தேடிவந்து கேட்டிருக்கிறது என்று வகுப்பு முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் குசினி மேசையில் நான் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எதிரே அப்பா. மாமா கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

“அத்தான், நான் என்ன செய்யிறது?”

அப்பா கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். “அது உன்ர விருப்பம். நான் உன்னை மறிக்கமாட்டன்.”

“எங்கட ரீமுக்குக் கரைச்சல் இருக்காதோ?”

“அதை நாங்கள் சமாளிப்பம்.”

மாமா துடைத்த தட்டையே இன்னொரு தரம் துடைத்தார். “அப்ப சரி,” என்றார்.

அப்பா எவ்வளவு பெருந்தன்மையானவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. விதியைக் கொண்டுவந்தவரே தன் மச்சானைப் பிடித்து வைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவர் யோசித்திருக்கலாம். மாமா தானாகவே போகமாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றும் நம்பியிருக்கலாம். மாமா முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார் என்பது அப்பாவுக்குத் தெரிந்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை.

மாமா போனபோது இரண்டு பைகளும் மட்டையும்தான் கொண்டுபோனார். வாசல்வரை போய் வந்த அம்மா அப்பாவிடம், “விளையாட்டுக்கு என்ர தம்பியைக் குடுத்திட்டியள்,” என்றார். அதற்குப் பிறகு சில நாள் சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

எங்கள் அணி தோற்கத் தொடங்கியது. அப்பா நல்ல கோல்கீப்பர் என்றுதான் எல்லோரும், அப்பா உட்பட, நினைத்திருந்தோம். முன்னால் மாமா இல்லாதபோதுதான் அவரிடம் பந்து வரத் தொடங்கியது. டொக்டர் இரண்டு கோல் போட்டால் அப்பா நாலு விட்டார். ஒவ்வொரு தடவையும் தலைக்கவசத்தைக் கழற்றி, அதில் ஏதோ கோளாறு இருப்பதுபோலப் பார்ப்பார்.

குளிர் தொடங்கியபின் சட்டனோடு ஆட்டம் வந்தது. மாமா நீலச் சட்டை போட்டிருந்தார். டொக்டர் எத்தனை தரம் போனாலும் மாமா அங்கே நின்றார், பந்தை வாங்கினார், தங்கள் பெடியன் ஒருவனிடம் தள்ளினார். ஒரே ஒரு கோலால் தோற்றோம். அங்கே அவருக்கு எல்லோரும் கை தட்டினார்கள். அவருடைய முதுகில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாமா கூச்சத்தோடு மட்டையின் பிடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு கார் நிறுத்துமிடத்துக்கு எங்களைத் தேடி வந்தார். என் தொப்பியைக் காது மூடும்படி இழுத்துவிட்டு, “வடிவாப் படிக்கிறியோ?” என்றார். அப்பா கார் கதவைப் பிடித்தபடி, “நல்லா விளையாடினாய்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அக்கா சமைச்சு வச்சிருக்கிறா. உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்,” என்றார்.

மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா கால்காப்புகளைக் காரின் பின்னால் ஏற்றத் திரும்பினார்.

“இண்டைக்கு இவங்களோட சாப்பாடு அத்தான். இன்னொரு நாளைக்கு வாறன்.”

மாமா வராமல் இல்லை. தீபாவளிக்கு வந்தார், நான் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு வந்தார், தன் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். ஒவ்வொரு தடவையும் மணியடித்துவிட்டு, கையில் பிஸ்கட் பெட்டியோடு வாசலில் நின்றார். அப்பா கதவைத் திறந்து, “வாங்கோ, வாங்கோ,” என்பார். மாமாவை அவர் பன்மையில் அழைக்கத் தொடங்கியது எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் சட்டனிடம் தோற்ற அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் பின்னால் எட்டிப் பார்த்து, “தம்பி எங்க?” என்றார். அப்பா சேறு பிடித்த சப்பாத்துகளோடு பின்பக்கம் போய்விட்டார். மாமா இன்னொரு நாளைக்கு வருவாராம் என்று நான்தான் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். இதற்குப் போய் ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடப்போகிறதுதானே என்று நினைத்துக்கொண்டு, கை கழுவப் போனேன்.