மாக்ரெட்டின் வலது கன்னம்

மாக்ரெட்டுக்கு ஒன்றரை வயதில் இரண்டு கண்ணிலும் புற்றுநோய் வந்தது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணைக் கதிர் பாய்ச்சிக் காப்பாற்றினார்கள். அந்த ஒரு கண்ணோடு கொழும்பு கொட்டாஞ்சேனையில் படித்தாள், கிறிஸ்ரியைக் கலியாணம் செய்தாள், துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பொறுப்பாக இருந்தாள். "கொண்டெய்னர் நாளைக்குக் கட்டாயம் வரும்" என்பவன் பொய் சொல்கிறானா என்பது குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

நாற்பத்தொரு வயதில் செயற்கைக் கண்ணை மாற்றப் போனாள். அங்கே புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் பழைய கதையெல்லாம் கேட்டாள்.

"ரெண்டு கண்ணிலயும் வந்ததெண்டால் அது பிறவிக் கோளாறு, மிஸிஸ். கண்ணில மட்டுமில்லை, உடம்பு முழுக்க இருக்கும். வேற இடத்திலயும் புற்றுநோய் வரக்கூடும். கதிர் பட்ட இடத்தில இன்னும் கூட. ஒருத்தரும் சொல்லேல்லையா?"

"இல்லை."

அன்றிலிருந்து மாக்ரெட் யாரையும் நம்பவில்லை. இத்தனை வருடம் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? இறந்துபோன அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? இந்த டொக்டர் தன்னை ஆராய்ச்சிக்குப் பிடிக்கப் பார்க்கிறாளா? முழங்கால் உளைந்தால் சந்தேகம். முதுகில் மச்சம் அரித்தால் சந்தேகம்.

"நீ விசர் பிடிச்சுச் சாகப்போறாய்," என்றான் கிறிஸ்ரி.

அடுத்த வருடம் முகம் கழுவும்போது வலது கன்னம் மரத்திருந்தது. மூக்கோரத்தில் தண்ணீர் பட்டதே தெரியவில்லை. வழக்கமான டொக்டர் பீனிசம் என்று மருந்து கொடுத்தார்.

"சின்னதில இந்தப் பக்கம் கதிர் பிடிச்சது, டொக்டர்."

"அது எந்தக் காலம்! அதையெல்லாம் யோசிக்காதேங்கோ."

கொண்டெய்னர் நாளைக்கு வரும் என்கிற அதே குரல். மாக்ரெட் மருந்தைத் தொடவில்லை. நேரே அந்த இளம் டொக்டரிடம் போனாள். அவள் கன்னத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஸ்கானுக்கு அனுப்பினாள்.

ஸ்கானும் சதைச் சோதனையும் முடிந்து முடிவு வந்த நாள் கிறிஸ்ரி முதலில் உள்ளே போனான். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னவ?"

"புற்றுநோய்தானாம். ஆனா சின்னக் கட்டி, பரவேல்லையாம். எடுக்கலாமாம்."

"அப்ப ஏன் அழுதனீங்கள்? எதை மறைக்கிறியள்?"

"பயத்தில அழுதனான், மாக்ரெட். சத்தியமா வேற ஒண்டுமில்லை."

அவள் நம்பவில்லை. உள்ளே போய், முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். டொக்டர் படத்தைக் காட்டிச் சொன்னதும் அதேதான்: கன்ன எலும்பில் புற்றுநோய், புதியது, பரவவில்லை.

கன்ன எலும்பில் ஒரு துண்டை எடுத்தார்கள். கண் தப்பியது. முகம் ஒரு பக்கம் சற்றுப் பள்ளமாகிவிட்டது. பஸ்ஸில் சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பாள்.

இரண்டு வருடமாகிறது. இன்னும் ஒவ்வொரு சோதனைக்கும் "ஒண்டுமில்லை" என்ற சொல் அவளுக்குப் போதாது. படத்தைத் திரையில் போட்டுக் காட்டும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டாள். போன கிழமை தோளில் ஏதோ தடிப்பு என்றாள். கிறிஸ்ரி சேர்ட்டை மாட்டிக்கொண்டு, த்ரீவீலர் பிடிக்கச் சந்திக்கு நடந்தான்.

வெறும் கொழுப்புக் கட்டி என்றார்கள். மாக்ரெட் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள்.