வலது பக்கம் மூணு விரல் கூடுதல்

மெக்கானிக் தொழிலில் ஒரு வசதி, வண்டிக்கு வாய் கிடையாது. ஒரு தொல்லை, வண்டிக்காரனுக்கு உண்டு. அந்த வண்டிக்காரரே நமக்குச் சம்பளம் கொடுக்கும் அர்பாபாகவும் இருந்து, நம் பாஸ்போர்ட்டும் அவர் பீரோவிலேயே இருந்தால் என்ன பாடு என்று, வளைகுடாவில் லீவுக்குக் கைகட்டி நின்ற என் சக பாவிகளுக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டாயிரங்களின் நடுவில், துபாய் அல் குசைஸில் ஒரு கராஜில் நான் பட்டது இது.

லாரியில் வந்த மாப்பிள்ளை

ஜூன் மாதம் ஒரு ரெக்கவரி லாரி எங்கள் வாசலில் ஒரு பிரெஞ்சுக் காரை இறக்கிவிட்டுப் போனது. பெயர் வேண்டாம், இருக்கிற வம்பு போதும். தகரப் பெட்டிக்கு நாலு சக்கரம் மாட்டிய மாதிரி இருந்தது. எங்கள் அர்பாப் வாலிபத்தில் பிரான்சில் படித்தவர். அப்போது ஓட்டிய அதே மாடலைத் தேடிப் பிடித்து கப்பலில் வரவழைத்திருந்தார். சுலைமானி டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஸ்தல புராணத்தை அவரே சொன்னார். விவசாயி முட்டையும் மூட்டையும் ஏற்றிப் போகச் செய்த வண்டியாம். சல்லிசான விலை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று கடல் தாண்டி லட்சக்கணக்கில் விற்றதாம். எல்லாரும் லேண்ட் குரூசருக்கு அலைகிற ஊரில், லேண்ட் குரூசர் வைத்திருக்கிற மனுஷன் இதற்கு அலைந்திருக்கிறார்.

எனக்கு அப்போது புராணம் கேட்கிற மனசில்லை. ஊரில், அறந்தாங்கிப் பக்கம், எனக்கு மகள் பிறந்து பத்து மாதம். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆவணியில் காதுகுத்து வைத்திருந்தார்கள். லீவு கேட்டேன். அர்பாப் வண்டியைத் தட்டிக்கொடுத்து, "இது பாசிங் ஆகட்டும், அன்னைக்கே பாஸ்போர்ட்" என்றார். பாசிங் என்றால் இங்கே ரோட்டில் ஓட்ட அரசாங்கம் வைக்கும் பரீட்சை. ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருக்கும் கீழக்கரை காதர் பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "தம்பி, காதுகுத்தை மறந்துடு. கல்யாணத்துக்குப் போற வழியப் பாரு."

கியர் எங்கே

நசுங்கிய வண்டியைத் தட்டி நிமிர்த்தும் டென்டிங் வேலை பார்க்கும் கான் பாய் பெஷாவர்க்காரர். லாரி, கிரேன், புல்டோசர் எதைக் கொடுத்தாலும் ஓட்டுவார். வண்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். ஏறி உட்கார்ந்தவர், காலுக்கிடையில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். கியர் இல்லை. இந்த வண்டியில் கியர் தரையில் இருக்காது. டேஷ்போர்டிலிருந்து குடைக்கம்பிப் பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுக்கவும் தள்ளவும் திருகவும் வேண்டும்.

அதைக் கைப்பிடி என்று நினைத்து, பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். எந்தப் பக்கம் இழுபட்டதோ, வண்டி பின்னாலேயே போய் டயர் அடுக்கில் முட்டி நின்றது. பத்து டயர் உருண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. கான் பாய் இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "பாய், இதை ஓட்ட ஆள் வேணாம். அதுக்கே போற இடம் தெரியுது."

ஜூலையில் ஒரு சவாரி

இன்ஜினைப் பிரித்து மாட்டி ஒழுங்காக ஓடவைத்துவிட்டேன். இப்போது டிரையல் பார்க்க வேண்டும். வெளியே ஜூலை வெயில். வண்டியில் ஏசி கிடையாது. கண்ணாடியும் இறங்காது, ஜன்னல் மாதிரி பக்கவாட்டில் பாதிதான் தள்ளும். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு மூடி இருக்கிறது. திறந்தால் காற்று வருமாம். பிரான்சில் காற்று வந்திருக்கும். இங்கே வந்தது சூடும் மணலும்.

துணைக்குக் காதர் பாயை ஏற்றியிருந்தேன். ஷார்ஜா எல்லை வரை போய்த் திரும்பினோம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஜீப்பில் ஒரு சின்னப்பிள்ளை எங்களை போட்டோ எடுத்தது. பாய் வாயே திறக்கவில்லை; திறந்தால் மணல். கராஜில் இறங்கி, ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் பேசினார். "தம்பி, நான் அஞ்சு வேளை தொழுகிறவன், ஜகாத் ஒழுங்கா குடுக்கிறவன். எனக்கு எதுக்குப்பா நரகத்தை இப்பவே காட்டுன?"

என் அதிமேதாவித்தனம்

இனி சொல்லப்போவதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். பாசிங்குக்கு இரண்டு வாரம் இருந்தது. எதையும் டேப் வைத்து அளந்து பார்ப்பது என் வழக்கம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்தேன். வலது பக்கம் மூணு விரல் கூடுதல். எந்த வண்டியிலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடிபட்டு சேசிஸ் வளைந்த வண்டி. எனக்கு ஒரே பெருமை, பிரெஞ்சுக்காரன் மறைத்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று. அர்பாபிடம் சொல்லாமல், கான் பாயைக் கூப்பிட்டு சங்கிலி போட்டு இழுக்கச் சொன்னேன். மூன்று நாள் இழுத்து இரண்டு பக்கத்தையும் சமமாக்கினார். ஓட்டிப் பார்த்தேன். வண்டி நண்டு மாதிரி ஒருச்சாய்ந்து போனது.

மறுநாள் அர்பாப் வீட்டிலிருந்து ஒரு பழைய ஒர்க்‌ஷாப் புத்தகம் கொடுத்தனுப்பினார். எல்லாம் பிரெஞ்சு. ஆனால் படமும் நம்பரும் எந்தப் பாஷையானால் என்ன? வலது பக்கத்துக்கு ஒரு அளவு, இடது பக்கத்துக்கு ஒரு அளவு போட்டிருந்தது. பின்சக்கரங்களைத் தாங்கும் இரண்டு கம்பிகளும் குறுக்கே, ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கிடக்கின்றன. அதனால் ஒரு சக்கரம் பின்தள்ளித்தான் நிற்கும். வண்டி பிறந்ததே அப்படி. மகள் முகம்தான் கண்ணில் நின்றது. மறுபடி சங்கிலி போட்டு, வந்த வழியே திருப்பி இழுத்தோம். அந்த நேரம் பார்த்து அர்பாப் உள்ளே வந்து, என் வண்டியை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றார். கான் பாய் துளியும் அசராமல் சொன்னார்: "கப்பல்ல வந்த களைப்பு அர்பாப். உடம்பு பிடிச்சு மாலிஷ் பண்றோம்."

பரீட்சை

காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பாசிங். அர்பாபும் கூடவே வந்தார். பிரேக் பாஸ், லைட் பாஸ், புகை பாஸ். கடைசியில் இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் நின்று பார்த்தார், மறுபக்கம் போய்ப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். நம்ம சாதி. "சேசிஸ் வளைஞ்சிருக்கு, ஃபெயில்" என்றார். பிறப்பே அப்படி என்று நான் சொன்னதற்கு, எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

அர்பாப் புத்தகத்தை விரித்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்துக்கொண்டு மறுபடி அளக்கக் குனிந்தார். நாங்கள் திருப்பி இழுத்ததில் ஒரு விரல் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் என் கதை கலாஸ். அறந்தாங்கியில் உள்ள அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். காதர் பாய் சாமியையும் விடவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் தாளில் முத்திரை குத்தினார். "அளவு சரியா இருக்கு. ஆனா இதைச் செஞ்ச ஆள்கிட்ட டேப்பே இல்லையா?"

காதுகுத்து

சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே பாஸ்போர்ட் வந்தது. காதுகுத்துக்கு முந்தின நாள் வீடு சேர்ந்தேன். மகள் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள். யாரோ ஒரு கறுத்த மீசைக்காரன் தூக்கினால் அழாமல் என்ன செய்வாள்? எனக்கும் அழுகை வந்தது, தும்மல் என்று சமாளித்தேன். மறுநாள் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். இரண்டாவது காதுக்கு அவள் துள்ளியதில் ஆசாரியின் கை நகர்ந்துவிட்டது. எனக்குக் கண் சும்மா இருக்குமா? கிட்டப் போய் விரலை வைத்துப் பார்த்தேன். வலது காதில் ஓட்டை ஒரு நூல் இறக்கம்.

மாமியார் பதறிவிட்டார். ஆசாரி மறுபடி குத்திச் சரிசெய்கிறேன் என்று ஊசியை எடுத்தார். நான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் தொடக்கூடாது, இருக்கிறபடி இருக்கட்டும் என்று கத்திவிட்டேன். கத்தலில் அவளே அழுகையை நிறுத்தி என் மீசையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பெத்த புள்ளய மொத மொத பாக்க வந்த மனுசன், அளவெடுக்குறாரு பாருங்க."

அதிலிருந்து, எந்தக் கோணலைப் பார்த்தாலும் சங்கிலியைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது அடிபட்டதா, பிறந்ததா?