இரும்புலியூரிலிருந்து காட்டாங்குளத்தூருக்கு: ஓர் அஞ்சலிக் கூட்டமும் ஒரு ஸ்விட்ச்சும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை காட்டாங்குளத்தூர் போய் வந்தேன். ஊர் சுற்ற இல்லை. என் நண்பன் டேவிட் அங்கே ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன். நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பு. அஞ்சலிக் கூட்டம் மூன்றாவது மாடி அரங்கில், லிஃப்ட் பழுது. அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கீழே ஓர் அறையில் டிவி வைத்து நேரலையாகக் காட்டுவதாக முடிவானது. நானும் அதே தொழில் என்பதால் பொறுப்பு என் தலையில்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பத்து ரூபாய், அரை மணி நேரம். ஸ்டேஷன் படிக்கட்டு அம்மாவுக்கு ஆகாது என்பதால் ஏழரைக்கு இரும்புலியூரிலேயே ஆட்டோ பிடித்தோம், நானூறு ரூபாய். பெருங்களத்தூரில் தொடங்கிய நெரிசல் வண்டலூர் தாண்டித்தான் விட்டது. பதினாறு கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து நிமிடம். காலேஜ் அட்மிஷனா என்று டிரைவர் கேட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் பாட்டை நிறுத்திவிட்டார்.

"வூட்ல அவன் வாயே தொறக்கமாட்டான்ப்பா," என்றார் அம்மா என்னிடம். "வேலை செய்ற எடத்துல எப்டி இருந்தான்னு நாலு பேர் சொல்லி நான் கேக்கணும்." அதற்காகத்தான் அவர் கிளம்பி வந்ததே.

அரங்கிலிருந்து கீழ் அறைக்கும் இரண்டு வகுப்பறைகளுக்கும் ஒரே வீடியோ போக வேண்டும். அதுதான் மல்டிகாஸ்ட். சும்மா விட்டால், நெட் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி அதை எல்லா போர்ட்டிலும் கொட்டி, கட்டடம் முழுக்க நெட்டைப் படுக்க வைத்துவிடும். கேட்கிற டிவிக்கு மட்டும் அனுப்ப ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒன்று உண்டு. பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அதைப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. துணைக்கு இருந்தவர்களைக்கூட அம்மா மேலே போகச் சொல்லிவிட்டார். நானும் போனேன்.

முதலில் மௌன அஞ்சலி. பிறகு ஆறு பேர் பேசினார்கள். மாணவர்களின் பழுதான லேப்டாப்பை மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சரிசெய்வானாம். ஹாஸ்டல் வாட்ச்மேன் பேச முடியாமல் அழுதுவிட்டார். வகுப்பறைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்து வாசலில் நின்றார்கள். ஏன் என்று எனக்கு உறைக்கவே இல்லை, மடையன்.

பத்தரைக்கு இறங்கினேன். டிவியில் மாலை போட்ட டேவிட் படம், எதிரே தலைகுனிந்து நிற்கும் கூட்டம். மௌன அஞ்சலியிலேயே படம் உறைந்து நின்றிருந்தது. அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் முடியலியாப்பா?" என்றார்.

இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கிறார். உட்கார வைத்து, முழங்காலைப் பிடித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதிவு செய்யவும் யாருக்கும் தோன்றவில்லை.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்னூப்பிங் போட்டால் குவெரியரும் இயங்குகிறதா பாருங்கள். யார் யார் பார்க்கிறீர்கள் என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டிவிகளைக் கேட்பது அதுதான். கேட்க ஆளில்லாவிட்டால் டிவிகளும் பதில் சொல்லாது. நாலு நிமிடம் சொச்சத்தில் ஸ்விட்ச் வீடியோவை நிறுத்திவிடும். அதனால் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு நகருங்கள். நான் பார்த்தது இரண்டு நிமிடம். சரிசெய்ய ஒரே வரிக் கட்டளைதான், அதை எல்லாரும் போனபிறகு போட்டேன்.

திரும்பும் ஆட்டோவில் ஊரப்பாக்கம் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினியோ சாவுக்குப் போய்க்கிறேன். ரெண்டு நிமிசத்துக்கு மேல ஒருத்தரும் நின்னதில்ல. எம்புள்ளைக்கு இவ்ளோ நேரம் நின்னாங்களேப்பா."

"ஆமாம்மா," என்றேன். அதற்குப் பிறகுதான் பேசினார்கள் என்றும் சொன்னேன். லேப்டாப், வாட்ச்மேன் என்று ஒவ்வொன்றாக வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். படம் நின்றுபோனதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.