வெட்டக்கூடாத நூடில்ஸ்

பேய், ஆவி என்று ஆராவது கதை தொடங்கினால் எழும்பி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுகிற ஆள் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், என்றாலும் கண்டதையெல்லாம் நம்பமாட்டேன். இதைப் படித்துவிட்டுக் கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்பீர்கள். சொல்லுங்கள், என் மகனும் அதைத்தான் சொன்னான்.

ஊரை விட்டு வந்து பென்டில் ஹில்லில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கிட்ட ஒரு பழைய நூடில்ஸ் கடை. பிலிப்பைன்ஸில் பிறந்த சீனக் கிழவி ஒருத்தி நடத்துவது. இருந்து சாப்பிடச் சிவப்புக் கதிரைகள், சுவரில் மங்கிப்போன கப்பல் படம். என் மனுசனுக்கு அந்தக் கடையென்றால் உயிர். பல் இல்லாதவர், அதனால் அவருடைய தட்டில் நான்தான் கரண்டி விளிம்பால் நூடில்ஸைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுப்பேன். அவருடைய கடைசிப் பிறந்தநாளுக்கும் அப்படித்தான் வெட்டினேன். கிழவி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"நோ கட். பேர்த்டே. லோங் லைஃப்."

பிறந்தநாளில் வெட்டினால் ஆயுள் குறையுமாம், அவர்களுடைய வழக்கம். இவர் பொக்கை வாயால் சிரித்தார்.

"நீர் வெட்டுமப்பா. இவ்வளவு காலம் உம்மோடை இருந்ததே காணும்."

மூன்றாம் மாதம் மாரடைப்பு. அந்தக் கரண்டியால்தான் என்று நான் நம்பவில்லை, ஆனால் நினைக்காத நாளும் இல்லை.

அவர் இல்லாமல் வந்த என் முதல் பிறந்தநாளுக்கு மகன் அங்கேதான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனான். கிழவி என்னைக் கண்டதும், "ஹஸ்பண்ட் கமிங்?" என்று கேட்டாள். செத்துப்போனார் என்று இங்கிலீசில் சொல்ல வெட்கம், ஓம் என்று தலையாட்டிவிட்டேன். மூன்று தட்டு, மூன்று கரண்டி வந்தன. மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. எனக்கும் தனக்கும் நூடில்ஸைப் போட்ட பிறகுதான் வாய் திறந்தான்.

"அம்மா, வயசுபோன ஆக்களின்ரை ஹோமிலை இடம் கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை போகலாம். தமிழ் ஆக்களும் இருக்கினம்."

"இதைச் சொல்லவே இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனீ?"

"சும்மா தொடங்காதேங்கோ அம்மா."

போன் அடிக்க வெளியே போனான். நான் ஒரு வாயும் வைக்காமல் டொய்லெட்டுக்குப் போய் முகம் கழுவினேன்.

திரும்பி வரும்போது மகன் கண்ணாடிக்கு வெளியே கதைத்துக்கொண்டே நிற்கிறான், கிழவி உள்ளே அடுப்படியில், கடையில் வேறு சனமில்லை. என் தட்டில் இருந்த நூடில்ஸ் முழுவதும் வெட்டியிருந்தது. நான் அவருக்கு வெட்டுகிற அதே அளவு. வெறும் கதிரைக்கு முன்னால் இருந்த கரண்டியின் விளிம்பில் சோயா சோஸ் ஈரம்.

மகன் வந்ததும் காட்டினேன்.

"பழக்கத்திலை நீங்கள்தான் வெட்டியிருப்பியள். இதுக்குத்தானம்மா சொல்லுறன், உங்களைத் தனிய விடேலாது."

ஐம்பது வருசத்தில் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தராத மனுசன். எனக்குப் பல்லும் இருக்கிறது. பிறகு எதற்காக வெட்டினார்? தன்னிடம் கூப்பிடுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன், ஒரு துண்டு மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.

ஹோமுக்கு வந்து எட்டு மாதம். போன கிழமையும் டொக்டர் சொன்னார், என் இருதயம் நல்லாயிருக்கிறதாம்.