பூ இல்லாத விஷ்ணுகிரந்தி

செடிகளுக்குப் பெயர் சொல்லும் தொழிலில் வாயில் வரவே மறுக்கும் சொல் 'தெரியாது' என்பதுதான், வாடிய தழையை மூக்குக்கு நேரே நீட்டி "இது என்ன?" என்று கேட்கப்பட்டவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

நல்ல பேர்

தொண்ணூறுகளில் தாவரவியல் படித்து முடித்ததும், கிளிநொச்சியில் ஒரு சித்த வைத்தியரிடம் மூலிகை சேர்க்கும் வேலை கிடைத்தது. போரால் மருந்துக் குளிசைகள் ஒழுங்காக வராத காலம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தெரியாது என்று சொன்னால் அப்பாவுக்கு அவமானம் என்று பயம்.

முதல் நாள் வைத்தியர் தெருவோரத்தில் நிலத்தோடு படர்ந்த, சட்டைப் பொத்தானிலும் சிறிய நீலப்பூவைக் காட்டினார். அதன் இலத்தீன் பெயரை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் சிரித்தார். "நல்ல பேர்தான் தம்பி, ஆனா கசாயத்தில போடேலாது. விஷ்ணுகிரந்தி எண்டு சொல்லும், காய்ச்சல்காரருக்கு விளங்கும்."

இரணைமடுப் பாதையில்

ஒரு பை நிறைய அதைப் பிடுங்கி வரச் சொன்னார். மத்தியானம் இரணைமடுப் பக்கம் போய் முதுகு நோகத் தேடினேன். ஒரு நீலப்புள்ளிகூட இல்லை. மலையகத்திலிருந்து வந்து அங்கே தோட்டம் செய்த பெருமாள் அண்ணன் மாடுகளை மறித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அடுத்த நாள் விடியப் போனபோது எனக்காகவே பூவோடு ஒரு கட்டுப் பிடுங்கி வைத்திருந்தார். முந்தின நாள் மத்தியானம் அவர் சொன்னது இதுதான்: "என்னா தம்பி, வெயிலேறுனா மூடிக்கிற பூவை மத்தியானத்துல வந்து தேடுறீங்க? இதுக்கா அம்புட்டுப் படிச்சீங்க?"

வட்டக்கச்சியில்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வட்டக்கச்சியில் இருந்த திரேசம்மா அக்காவின் கணவருக்குக் காய்ச்சல். பின்னேரம் நான் அந்தப் பக்கம் போக, அக்கா பிடுங்கி வைத்திருந்த தழையை நீட்டி, "இது விஷ்ணுகிரந்திதானே தம்பி?" என்றா. மயிர் படர்ந்த சின்ன இலை, பூ இல்லை. சுற்றி நாலு பேர் நின்றார்கள். "ஓம் அக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து, கொப்பிக்குள் நான் காயவைத்திருந்த செடியோடு மனதில் ஒப்பிட்டேன். அந்த இலை வேறு. விடிந்ததும் சைக்கிளை மிதித்தேன். வழி முழுக்க அந்த மனிதர் கண்ணுக்குள் கிடந்தார். போய்ப் பார்த்தால் அவர் முற்றத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். அக்காவிடம், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. "அவிச்சுக் குடுக்கேல்லை தம்பி, நேற்றே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனனான். நீங்கள் ஓம் எண்டு சொல்லேக்கை உங்கட கை நடுங்கினது. கடலில சுக்கான் பிடிக்கிறவன்ர கை நடுங்கினா நாங்கள் வள்ளத்தைத் திருப்பிப்போடுவம். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அன்றிலிருந்து பூவில்லாத செடியை யார் நீட்டினாலும் தெரியாது என்றே சொல்கிறேன். தெரிந்த செடிக்கும் கை நடுங்கத்தான் செய்கிறது, அதை மட்டும் நான் நிறுத்தப் பார்க்கவில்லை.