பச்சைத் திரைக்குப் பின்னால் மூச்சு விட்டவள்

நான்கு மாதமாக எனக்கு ரத்தம் நிற்கவில்லை.

எழுபத்து மூன்றாம் வருடம் சித்திரையில் ஆரம்பித்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. மயிலாப்பூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அவரிடம்கூட நான் சொல்லவில்லை. என் பெரியக்கா இதே மாதிரி யாரிடமும் காட்டாமல் இருந்துதான் இறந்துபோனாள். எனக்கும் அதே முடிவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சகோதரிகளே, நோயைவிடத் தீட்டுதான் என்னைக் கொன்றது. நான்கு மாதம் விளக்கேற்றவில்லை. அம்மன் பெயரை மனதுக்குள் சொல்லவும் பயம். ஆடி வெள்ளியன்று அவள் எங்கள் தெருவில் ஊர்வலம் வந்தாள். என் பார்வை அவள்மேல் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். சரியாக எங்கள் வாசலில் மேளம் நின்றது. வெகுநேரம் சத்தமே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ எனக்காகக் காத்திருப்பதுபோல உடம்பு சிலிர்த்தது. அப்படியே மயங்கி விழுந்தேன்.

கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் தலைமாட்டில் இருந்தார். "நாலு மாசமா விளக்கு ஏத்தல. கோயிலுக்கும் வரல. எங்கிட்ட என்னத்த மறைக்கே?" என்றார். அழுதுகொண்டே சொன்னேன்.

மறுநாளே லஸ் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். "கர்ப்பப்பை வாயில ஒரு சதை வளர்ந்திருக்கு. அதை எடுத்துட்டு, உள்ளேயும் கொஞ்சம் சுரண்டி டெஸ்டுக்கு அனுப்பணும். உங்க உடம்புல ரத்தமே இல்லை. மயக்க மருந்து கொடுக்க எனக்கு பயமா இருக்கு. மரத்துப்போக ஊசி போட்டு இங்கேயே செய்துடலாம்" என்றார்.

அன்று முடியவில்லை. கருவி பட்டதுமே உடம்பு கட்டையாக இறுகிவிட்டது. முழங்கால்கள் தானாக ஒட்டிக்கொண்டன. டாக்டரம்மா கோபிக்கவில்லை. ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். ஆனால் வெளியே என் வீட்டுக்காரரிடம், "இதுக்கு மேல தள்ளிப் போடக்கூடாது" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே டாக்டரம்மா, ஒரு ஆயா, நான். என் இடது பக்கம் ஒரு பச்சைத் துணித் திரை.

"வலி தாங்கலைன்னா கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடறேன்" என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டார். அப்போது மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றது. ஆயா டார்ச்சை எடுத்துப் பிடித்தாள். "பயப்படாதேம்மா. நான் ஏழு பெத்தவ, இதெல்லாம் இன்னா பெரிய விசயம்" என்றாள். டாக்டரம்மா வேலையை ஆரம்பித்தார். அடிவயிறு முறுக்க ஆரம்பித்தது. மறுபடி உடம்பு இறுகியது. கையைப் பாதி தூக்கிவிட்டேன். தூக்கினால் எல்லாம் நின்றுவிடும். பிறகு எனக்கு வழியில்லை.

அந்த நிமிஷம் என்னை அறியாமல் கூப்பிட்டுவிட்டேன். "தாயே, தீட்டோடுதான் கூப்பிடுகிறேன். வேறு எப்படிக் கூப்பிட?"

திரை அசைந்தது.

காற்று இல்லை. ஆனாலும் துணி மெதுவாக என் பக்கம் உப்பியது. மெதுவாக உள்ளே அமுங்கியது. மறுபடி உப்பியது. அதற்குப் பின்னால் யாரோ நின்று மூச்சு விடுவதுபோல. என் இடது கன்னத்தில் சூடு பட்டது. பயத்தில் கண்ணை எடுக்க முடியவில்லை. அது உப்பும்போது என் மூச்சு உள்ளே போனது. அமுங்கும்போது வெளியே வந்தது. காதருகில் ஒரு பெண் குரல், "விடு" என்றது.

விட்டேன். கை கீழே இறங்கியது. கால்கள் தளர்ந்தன. வலி போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே வலித்தது. ஆனால் வலி ஒரு இடத்தில் இருந்தது, நான் அந்த மூச்சோடு இருந்தேன்.

"முடிஞ்சுது. மூச்சை எவ்வளவு அழகா விட்டீங்க! யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார் டாக்டரம்மா.

"நீங்கள் 'விடு' என்றீர்களே?"

"நான் பேசவே இல்லையே."

ஆயாவைப் பார்த்தேன். "நானா? டார்ச்சைப் புட்ச்சிக்கினு வாயை மூடிக்கினு கீறேன்."

"திரைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?"

"அந்தாண்ட ஏதும்மா ஆள் நிக்க எடம்? செவுருதான் கீது." அவள் சிரித்துக்கொண்டே திரையை இழுத்துக் காட்டினாள். துணிக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடம்கூட இல்லை. சட்டென்று அவள் சிரிப்பு நின்றது. துணியை விட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். முக உயரத்தில் ஒரு இடம் மட்டும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

பத்து நாளில் டெஸ்ட் முடிவு வந்தது. கெட்ட நோய் இல்லை. சிறிது சிறிதாக ரத்தம் நின்றது. டானிக் குடித்துத் தேறினேன்.

ஆனால் நான் அதுவரை காத்திருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே, துணி கட்டிய உடம்போடு, விளக்கின் முன்னால் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் தயங்கி நின்றார். "இன்னைக்கு ஏத்தலாமா?" என்று கேட்டார்.

"அவள் இன்றைக்குத்தானே வந்தாள்" என்றேன். அவரே தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

என்னைப்போல ஒளித்துக்கொண்டிருக்கும் சகோதரி யாராவது இதைப் படித்தால் சொல்லுகிறேன். நாளைக்கே டாக்டரிடம் போங்கள். வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். குளித்து, சுத்தமாகி, பிறகு கூப்பிடலாம் என்று இருக்காதீர்கள். படுத்த இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். வருவாள். வரும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.