இறுதி ஆட்டத்துக்கு முன் சில வார்த்தைகள்

சம்பளமில்லாமல் ஏச்சு வாங்க ஆசையென்றால் ஏதாவதொரு கழகத்துக்குச் செயலாளராகுங்கள். வெயிலும் சேர்த்து வேண்டுமென்றால் டென்னிஸ் கழகம் நல்லது. கோப்பாயில் நான் அப்படி ஒன்றில் மாட்டினேன். நீங்களும் எங்காவது செயலாளரென்றால் கிட்ட வந்து இருங்கள், சேர்ந்தே தலையில் அடித்துக்கொள்ளலாம்.

எங்கள் திடல் இருந்த காணி கனடாவில் வாழும் ஒரு அண்ணையுடையது. "ஆவணியிலை வாறன். ஆட்டம் நடக்குதெண்டால் காணி உங்களுக்கு. இல்லையெண்டால் மண்டபம் கட்டுவன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

மிளகாய்

அன்றிலிருந்து நானும், கழகத்தில் ராக்கெட் பிடிக்கத் தெரிந்த இன்னொருவனான ரூபனும் தினமும் காலையில் பயிற்சிக்குப் போனோம். ஒருநாள் திடலின் சீமெந்துத் தரை முழுக்கச் செத்தல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பெரிய மனதோடு வலைக்கு இந்தப் பக்கத்தை மட்டும் ஒதுக்கித் தந்தார். மிளகாய்க்குள் விழுந்த பந்தை எடுத்த கையாலேயே ரூபன் முகத்து வியர்வையைத் துடைத்தான். கிணற்றடிக்கு ஓடியவன் அன்று திரும்பவில்லை. நான் முறைத்தேன். அக்கா சொன்னார்: "தம்பி, பந்து எப்பவும் அடிக்கலாம். வெயில் நாளைக்கு எறிக்குமோ தெரியாது."

பதவிகள்

அண்ணை வரும் நாளில் போட்டி வைப்பதென்று கூட்டம் போட்டோம். தலைவர், உப தலைவர்கள், போஷகர்கள் என்று கதிரை போதவில்லை. "ஆர் ஆர் விளையாடுறியள்?" என்று கேட்டேன். எல்லோரும் ரூபனையும் என்னையும் கைகாட்டினார்கள். ஆகவே ரூபனும் நானும் மோதும் முதல் ஆட்டமே இறுதி ஆட்டமானது. எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், என் தோளில் தட்டினார்: "கழகத்தை நடத்துறது நாங்கள். பந்துக்குப் பின்னாலை ஓடுறது உங்கடை வேலை."

பிரதம விருந்தினர்

அண்ணை பின்னேரம் வந்தார். மேளம், மாலை, விளக்கேற்றல், தேவாரம், ஜெபம். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. உப தலைவர்களில் ஒருவரை விட்டாலும் ஆயுசுக்கும் கோபிப்பார், அதனால் எல்லோரும் பேசினார்கள். வெள்ளைக் காற்சட்டையோடு ரூபன் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றான். நன்றியுரையும் என் தலையில்தான். அதில் யாரை விடுவது?

ராக்கெட்டைத் தூக்கியபோது இருட்டிவிட்டது, வலை கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அடித்த ஒரே பந்து எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அண்ணை மாலையைக் கழற்றி என் கையில் தந்தார்: "குறை நினையாதையும் தம்பி. உங்கடை ஆக்களுக்குத் திடல் தேவையில்லை, நல்ல மைக்கோடை ஒரு மண்டபம்தான் தேவை."

மண்டபம் எழும்பிவிட்டது, எங்கள் கழகம் மாதந்தோறும் அதில் கூடி, எங்கே விளையாடுவதென்று பேசுவதற்குள் வரவேற்புரையோடு நேரமாகிக் கலைகிறது.